ஆமைக்கறி தின்ற கரையில் இன்று என்ன நடக்கிறது?

வாடைக்காற்று (இழையைத் தொடங்கியவர்)

என் மகளுக்குப் பதினொரு வயது. போன மாதம் பள்ளியில் இருந்து தனுஷ்கோடிப் பக்கம் முகுந்தராயர் சத்திரத்துக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே வனத்துறை ஆமை முட்டைகளைச் சேகரித்துப் புதைத்துவைத்து, பொரித்ததும் குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். வீட்டுக்கு வந்தவள் என் அப்பாவிடம் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒப்பித்தாள். முட்டை பொரிய ஐம்பது நாள் ஆகும் தாத்தா, மணல் சூடாக இருந்தால் பெண் குஞ்சு, குளிர்ச்சியாக இருந்தால் ஆண் குஞ்சு, இப்படி. அப்பா முழுதும் கேட்டுவிட்டு, "எங்க காலத்துல ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்தா வீட்ல ஆமைக்கறிதான் தாயி" என்றார். வேண்டுமென்று சொல்லவில்லை, ஞாபகம் வந்தது, சொல்லிவிட்டார்.

பிள்ளை அன்று ராத்திரி தாத்தா பக்கத்தில் படுக்கவில்லை.

நான் பாம்பனில் பிறந்தவன். எங்கள் தாத்தா தனுஷ்கோடிக்காரர், 1964 புயலுக்கு அப்புறம் இங்கே வந்து குடியேறினவர். ஆமையைக் கரையில் மல்லாக்கப் போட்டு ஈரச்சாக்கு போர்த்தி வைத்திருந்ததை நானே சின்ன வயதில் ஒருமுறை பார்த்திருக்கிறேன். சட்டம் வந்து பல வருடம் கழித்துத்தான் அது. மல்லாந்து கிடந்தால் அதற்குப் புரளத் தெரியாது, காலை மட்டும் அடித்துக்கொண்டே இருக்கும். பேராமை என்ற பெரிய கடல் ஆமையின் கொழுப்பு பச்சை நிறமாக இருக்கும், தனியாக எண்ணெய் விடாமல் அந்தக் கொழுப்பிலேயே கறி வெந்துவிடும் என்று அம்மா சொல்வார்.

நான் கேட்பது இதுதான். அப்பாவைக் கொலைகாரர் மாதிரி என் மகள் பார்ப்பது சரியில்லை. அதே நேரம் "அதெல்லாம் சகஜம்" என்று அவளிடம் பூசி மெழுகவும் எனக்கு மனம் வரவில்லை. இந்தக் கரையில் காட்டு உயிர்க்கறி, கடல் உயிர்க்கறி எல்லாம் யாருக்கு என்னவாக இருந்தது, இப்போது யார் தின்கிறார்கள்? தெரிந்தவர்கள் மறைக்காமல் எழுதுங்கள். ஊர்ப்பேர், ஆள்பேர் வேண்டாம்.

---

உயிர்நேயன்

மதுரையில் இருந்து எழுதுகிறேன். கடல் ஆமைகள் 1977-லேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்துவிட்டன. புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. 2022 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் குறைந்தது 25,000 ரூபாய். ஆவுளியா என்கிற கடல்பசுவுக்கும் இதேதான். ஐம்பது வருடமாகக் குற்றமாக இருக்கிற ஒன்றை "எங்கள் வீட்டு ருசி" என்று பேசப் பேச, அடுத்த தலைமுறைக்கும் ஆசை வரும். உங்கள் மகள் கோபப்பட்டது நல்ல அறிகுறி என்றுதான் நான் நினைக்கிறேன்.

---

கீழக்கரை காக்கா

தம்பி வாடைக்காற்று, உங்கள் வாப்பா வயதுதான் எனக்கும் இருக்கும். எழுபத்து நாலு. பேரன் தட்டச்சு செய்கிறான், நான் சொல்கிறேன்.

நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது ஆவுளியா கரைக்கு வந்தால் தெருவே அறியும். ஒரு ஆவுளியா முந்நூறு நானூறு கிலோ இருக்கும். ஒரு வீடு தின்று முடிக்கிற கறியா அது? ஐஸ் பெட்டி கிடையாது, உப்புப் போட்டாலும் பாதிதான் தேறும். அறுத்ததும் வலைக்காரர் பங்கு, படகுச் சொந்தக்காரரான சம்மாட்டி பங்கு, தூக்க வந்தவன் பங்கு என்று பிரியும். மீதியைப் பனையோலைக் கொட்டானில் கட்டி ஆண் துணை இல்லாத வீடுகளுக்குக் கொடுத்தனுப்புவார்கள். புருஷன் கொழும்புக்குப் போய்த் திரும்பாத ஒரு பெண் எங்கள் தெருவில் இருந்தார், அவர் வீட்டுக்கு முதல் கொட்டான் போகும். காசு கொடுத்து வாங்குகிறவர்களும் உண்டுதான், ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அந்தக் கொட்டான்தான்.

ஆமை அப்படி இல்லை, அது வியாபாரம். பாம்பனில் இருந்தும் எங்கள் ஊரில் இருந்தும் ஒரு காலத்தில் இலங்கைக்கு உயிரோடு ஏற்றுமதியே ஆகியிருக்கிறது. எங்கள் மூத்தவர்கள் அதில் சம்பாதித்தார்கள். அதை ஏழையின் சோறு என்று மட்டும் சொன்னால் அது முழு உண்மை இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆவுளியா கரையில் கிடக்கும்போது மூச்சு விடுகிற சத்தம் மாட்டின் மூச்சு போலவே இருக்கும். தாய் ஆவுளியாவின் மார்பு மனுஷியின் மார்பு மாதிரி கைக்கு அடியில் இருக்கும். என் தாயார் அதைப் பார்த்த நாளில் இருந்து அந்தக் கறியைத் தொடவில்லை. எந்தச் சட்டமும் அவருக்குச் சொல்லவில்லை.

---

மண்டபத்து மாணவன்

காக்கா சொன்ன வியாபாரத்துக்குக் கணக்கு இருக்கிறது. 1960களில் மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய ஆய்வாளர்கள் மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் சேர்த்து ஆண்டுக்கு 3000 முதல் 4000 ஆமைகள் பிடிபடுவதாக மதிப்பிட்டார்கள். அதில் முக்கால்வாசி பேராமை. ஒரு பேராமை முட்டையிடும் வயதுக்கு வர இருபதில் இருந்து நாற்பது ஆண்டுகள் வரை ஆகும். ஆயிரம் குஞ்சில் ஒன்று தேறினால் பெரிது. அப்படியானால் 1965-ல் அறுத்த ஒரு பெண் ஆமையின் இடத்தை நிரப்ப வேண்டிய ஆமை, அதே வருடம் பொரித்திருந்தாலும், 1985-க்குப் பிறகுதான் கரையேறியிருக்கும். நாம் தின்ற வேகத்துக்கும் அது வளர்கிற வேகத்துக்கும் சம்பந்தமே இல்லை.

ஆவுளியா நிலைமை இன்னும் மோசம். பதின்மூன்று பதினான்கு மாதம் சுமந்து ஒரே ஒரு கன்று. அடுத்த கன்றுக்கு மூன்று முதல் ஏழு ஆண்டு இடைவெளி. எழுபது ஆண்டு வரை வாழும் என்பதால், தாயைக் காப்பாற்றினால் மட்டுமே கூட்டம் நிற்கும். இந்தியக் கடலில் மிச்சம் இருப்பவை சில நூறுதான். 2022 செப்டம்பரில் தமிழக அரசு 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியா காப்பகமாக அறிவித்தது, ஆனால் அது தஞ்சாவூர், புதுக்கோட்டை பக்கம். தொண்டி, தேவிபட்டினம், மோர்ப்பண்ணை எல்லாம் அந்தக் கோட்டுக்கு வெளியே. ஆவுளியாவுக்கு மாவட்ட எல்லை தெரியாது, புல் இருக்கிற இடத்துக்குப் போகும். ஒரு நாளைக்கு முப்பது நாற்பது கிலோ கடற்புல் வேண்டும் அதற்கு.

உயிர்நேயன் சொன்ன சட்டம் சரி. ஆனால் அந்தப் பழைய காலத்து ஆட்களைக் குற்றவாளி என்று பேசக் கூடாது. அரசு ஆய்வு நிலையத்துக்குப் பக்கத்திலேயே அப்போது ஆமையை வெளிப்படையாக ஏலம் விட்டார்கள். யாரும் தடுக்கவில்லை, எடைதான் பார்த்தார்கள்.

---

தொண்டிச் செவிலி

நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவள். ருசியைப் பற்றிப் பேசுகிறீர்கள், மருந்து என்ற பெயரில் நடப்பதை யாரும் எழுதவில்லை.

ஆமை ரத்தத்தைச் சூட்டோடு குடித்தால் மூலம் போகும், சோகை போகும், இளைப்பு போகும் என்ற நம்பிக்கை இந்தக் கரை முழுதும் இருந்தது. கறி தின்னாத வீடுகளில் இருந்துகூட ரத்தத்துக்கு டம்ளரோடு வந்து நிற்பார்கள் என்று மூத்தவர்கள் சொல்வார்கள். பிரசவமான பெண்ணுக்குக் கொடுக்கலாமா என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள், அதுவும் பழைய காலத்தில் இல்லை. பச்சை ரத்தத்தில் கிருமி வரும், ஆமை உடம்பில் பல பத்தாண்டு சேர்ந்த உலோகங்கள் வரும். சோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை சுகாதார நிலையத்தில் இலவசம். முருங்கை மரம் இல்லாத வீடு நம் ஊரில் எத்தனை?

அழுங்காமை என்கிற இன்னொரு கடல் ஆமையைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன், இதை யாராவது ஒருவர் படித்தால் போதும். அழுங்காமை கடற்பஞ்சைத் தின்னும். சில சமயம் அதன் கறியில் விஷம் ஏறியிருக்கும். எப்போது ஏறும், எந்த ஆமையில் ஏறும் என்று பார்த்துச் சொல்ல முடியாது. வேகவைத்தாலும் போகாது. முதலில் வாயும் தொண்டையும் எரியும், வாந்தி, நாக்கில் புண், அப்புறம் தூக்கம் மாதிரி மயக்கம். மாற்று மருந்து கிடையாது. தின்ற தாயின் பால் வழியாகக் குழந்தைக்கும் போகும். தாய் பிழைத்துக் குழந்தை போனது உண்டு, உலகத்தில் பல கரைகளில் பதிவாகியிருக்கிறது.

ஈரலை முதலில் காக்கைக்குப் போட்டுப் பார்ப்பார்கள், காக்கை தின்றால் நாமும் தின்னலாம் என்று. காக்கையை நம்பி ஒரு வீடே படுத்துவிடக் கூடாது.

---

பாசிக்காரி மகள்

என் அம்மா முப்பது வருடம் கடற்பாசி எடுத்தார். கண்ணாடி மாட்டிக்கொண்டு, காலில் தகடு கட்டிக்கொண்டு, விரலில் துணி சுற்றிக்கொண்டு, கடலடிப் பாறையான பாரில் முங்கி எடுப்பது. அப்பா தீவு, தலையாரி, வாழைத்தீவு, முள்ளித்தீவு எல்லாம் அவருக்கு நம் தெரு மாதிரி.

1986-ல் இருபத்தொரு தீவும் சுற்றியுள்ள கடலும், மொத்தம் 560 சதுர கிலோமீட்டர், தேசியப் பூங்கா ஆனது. அம்மாவுக்கு அது தெரியவந்தது பல வருடம் கழித்து, தீவில் இறங்காதே என்று விரட்டியபோதுதான். அதுவரை தீவில் இறங்கி அடுப்பு மூட்டி, கையில் கிடைத்த மீனையோ நண்டையோ சுட்டு, கொண்டுபோன சோற்றோடு தின்றுவிட்டு மத்தியானத்துக்கு மேல் திரும்பவும் முங்குவார்கள். அந்தச் சூட்டு மீன்தான் அன்றைக்கு அவர்களுக்குக் கிடைத்த ஒரே சத்துள்ள சாப்பாடு. தடைக்குப் பிறகு படகிலேயே பழைய சோறும் ஊறுகாயும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பாதுகாப்பு என்ற பேச்சு வந்தாலே ஆமை, ஆவுளியா என்று பெரிய உயிர்களைப் பற்றித்தான் பேசுகிறோம். கரையில் இருக்கிற பெண்ணின் தட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அம்மா ஒரு ஆமையைக்கூட அறுத்தவர் இல்லை. முங்கும்போது எதிரில் ஆமை வந்தால் ஒதுங்கி வழிவிடுவோம், அது நம்மைப் பார்த்துவிட்டுப் போகும் என்பார். ஆனால் ஆமை பிடித்தவனையும் அம்மாவையும் ஒரே வரிசையில் நிறுத்திப் பையைச் சோதித்தார்கள். அந்த அவமானம் அவருக்கு இன்னும் போகவில்லை.

பாசி எடுக்கும் பெண்களே கூடிப் பேசி மாதத்தில் பன்னிரண்டு நாள் மட்டும் எடுப்பது என்றும், மீன் குஞ்சு பொரிக்கும் மாதங்களில் எடுப்பதில்லை என்றும் தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்தார்கள். தகட்டால் சுரண்டாமல் கையால் எடுப்பது என்றும் முடிவு செய்தார்கள். யாரும் உத்தரவு போடவில்லை.

இப்போது எங்கள் ஊர்ப் பெண்கள் என்ன தின்கிறார்கள் என்று கேட்டால், பிராய்லர் கோழி. நீலக்கால் நண்டு கம்பெனிக்குப் போகிறது, கணவாய் கம்பெனிக்குப் போகிறது, சின்ன மீன் கோழித்தீவனத்துக்குப் போகிறது. அந்தக் கோழியை நாங்கள் காசு கொடுத்து வாங்குகிறோம்.

---

முதுகுளத்தூரான்

கரையில் இருந்து கொஞ்சம் உள்ளே வாருங்கள். எங்கள் பக்கம் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் இரண்டும் பறவைகள் சரணாலயம், இரண்டும் 2022-ல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் வந்தன. கண்மாய் நிறைந்தால் கூழைக்கடா, நத்தைக்குத்தி, அரிவாள்மூக்கன் எல்லாம் கருவேல மரத்தில் கூடு கட்டும். கொக்கை யாரும் தொடமாட்டார்கள், எச்சம் விழுந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்று பெரியவர்களே விரட்டுவார்கள்.

ஆனால் முயல், கவுதாரி, காடை, உடும்பு வேறு கதை. மழை பொய்த்த வருடம் எங்கள் அய்யா கண்ணி வைத்திருக்கிறார். அந்த வருடம் வீட்டில் பருப்பு வாங்கக் காசில்லை. கேழ்வரகுக் களிக்கு முயல் குழம்பு. நல்ல மழை பெய்த வருடம் கண்ணியைப் பரணில் தூக்கிப் போட்டுவிடுவார். எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. தேவை தீர்ந்ததும் நின்றுவிட்டது.

இப்போது நடப்பது அப்படி இல்லை. யாரும் பசித்துக் கண்ணி வைப்பதில்லை. ரேஷன் அரிசி இருக்கிறது. கவுதாரியும் உள்ளானும் நாற்கர சாலைப் பக்கம் காரில் வருகிறவர்களுக்காகப் பிடிக்கப்படுகின்றன. உள்ளான் ஆர்க்டிக் பக்கம் இருந்து ஆயிரக்கணக்கான மைல் பறந்து வந்து நம் உப்பளத்தில் இறங்குகிற பறவை. கையளவு கூட இல்லை. ஒரு தட்டுக்கு நாலைந்து வேண்டும். பிடிக்கிற நரிக்குறவர் மாட்டுகிறார், அவருக்கு ஒரு பறவைக்குக் கிடைத்தது டீச்செலவு. தின்றவர் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார். கேட்டு வாங்கித் தின்கிறவனுக்குத் தண்டனை வந்ததாக நான் இதுவரை கேள்விப்படவில்லை.

---

உயிர்நேயன்

முதலில் நான் எழுதியது கொஞ்சம் வேகமாகிவிட்டது. பாசிக்காரி மகள் எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் பதில் எழுதத் தோன்றவில்லை. உங்கள் அம்மாவிடம் என் வருத்தத்தைச் சொல்லுங்கள்.

ஆனால் ஒன்றில் நான் மாறவில்லை. தேவைக்குத் தின்றது, பங்கிட்டுத் தின்றது என்ற காலம் போய்விட்டது என்று நீங்கள் எல்லோருமே சொல்கிறீர்கள். சரி, அப்படியென்றால் இன்று பிடிபடுகிற ஆமைக்கறிக்கு என்ன நியாயம் மிச்சம் இருக்கிறது? இன்னும் விற்கிறார்கள் என்பது செய்தியில் வருகிறதே. அதை ஊர் ஏன் தடுக்கவில்லை?

---

வத்தைக்காரன்

இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். பாக் விரிகுடாப் பக்கம் நாட்டுப்படகில் தொழில் செய்கிறேன். நண்டு வலை, காலம் வந்தால் திருக்கை வலை. ஆமை பிடிக்கப் போகிறவன் என்று ஒருவன் இன்று எங்கள் ஊரில் இல்லை. நான் சத்தியமாகச் சொல்வேன். ஆனால் ஆமை வலைக்கு வருகிறது. எப்படி வருகிறது, வந்தால் என்ன ஆகிறது என்று உங்களில் யாருக்கும் தெரியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

திருக்கை வலைக்குக் கண் பெரிது. சாயங்காலம் விட்டு, விடிந்து போய்த் தூக்குவோம். ராத்திரி முழுக்கக் கடலில் கிடக்கும். புல்லுக்கு மேயவரும் ஆமை கையை விட்டுச் சிக்கிக்கொள்ளும். உயிரோடு இருந்தால் வலையை அறுத்து விட்டுவிடுவோம். ஒரு இடத்தில் அறுத்தால் நாலு பாகம் (ஒரு பாகம் என்பது இரு கை விரித்த நீளம்) பாழ், அந்த நஷ்டம் எங்களோடு. பரவாயில்லை.

செத்திருந்தால்தான் பிரச்சினை. மூன்று வருடம் முன்னால் என் வலையில் ஒரு ஆவுளியா வந்தது. கன்று. நான் தூக்கும்போது உயிர் இல்லை, உடம்பு இன்னும் விறைக்கவில்லை. என் கூட வந்தவன் அழுதுவிட்டான், அவன் பெண்டாட்டி அப்போது மாசமாக இருந்தாள். கரைக்குக் கொண்டுவந்தால் நான்தான் கொன்றேன் என்பார்கள். எங்கள் ஊரில் ஒருத்தர் ஒருமுறை செத்த ஆமையைக் கொண்டுவந்து நேர்மையாகச் சொன்னார். விசாரணை என்று எட்டு நாள் தொழிலுக்குப் போக முடியாமல் அலைந்தார். அதைப் பார்த்தவன் நான். அதனால் கல்லைக் கட்டி இறக்கிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. இங்கேதான் முதல்முறையாகச் சொல்கிறேன்.

கணக்கில் வராத சாவு இது. எங்கள் கடலில் இப்படி எத்தனை என்று யாருக்கும் தெரியாது, எனக்கு என் வலைக்கு வந்தது மட்டும்தான் தெரியும். உயிர்நேயன் அண்ணே, ஊர் ஏன் தடுக்கவில்லை என்று கேட்டீர்கள். கறியாக விற்கிறவன் செத்ததைக் கடலுக்குள் இறக்க மனமில்லாமல், பயந்து பயந்து, முகம் தெரியாத ஒரு தரகனுக்குக் கொடுக்கிறான். அவன் ராவோடு ராவாக வெளியூருக்கு ஏற்றுகிறான். கொட்டானில் கட்டி விதவை வீட்டுக்குப் போன கறி இப்போது அட்டைப்பெட்டியில் பணக்காரன் வீட்டுக்குப் போகிறது. ஊர் ஆளுக்கு அதில் ஒரு துண்டு கிடையாது. கடல் அட்டையும் இப்படித்தான். 2001-ல் தடை வந்தது. அட்டையை எங்கள் ஊரில் யாரும் தின்றதே இல்லை. ஆனால் சிறைக்குப் போனது எங்கள் ஆட்கள்.

விசைப்படகு இழுவைமடியில் சாகும் ஆமையைப் பற்றியும் பேச வேண்டும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் ஆயிரத்துக்கு மேல் சித்தாமை என்ற சின்ன வகைக் கடல் ஆமை செத்து ஒதுங்கியது. ஒரு ஆமையைக்கூட யாரும் தின்னவில்லை. தின்றதால் ஆமை அழிந்தது என்பது பழைய கதை. இப்போது தின்னாமலேயே அழிகிறது.

---

கீழக்கரை காக்கா

வத்தைக்காரத் தம்பி, அந்தக் கன்றைப் பற்றி எழுதியதைப் பேரன் வாசித்தபோது நிறுத்தச் சொல்லிவிட்டேன். நீங்கள் செய்ததில் பாவம் இல்லை. மனதில் வைத்துக்கொண்டு கிடக்காதீர்கள்.

---

உயிர்நேயன்

வத்தைக்காரன், ஒரு விஷயம் சட்டத்தில் இருக்கிறது, உங்கள் பக்கம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். காட்டு உயிர் செத்துக் கிடந்தாலும் அது அரசின் சொத்து. கையில் கிடைத்தவர் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ தெரிவிக்க வேண்டும் என்று 39-ஆம் பிரிவு சொல்கிறது. அதாவது தெரிவிக்கிறவன் சட்டத்தை நிறைவேற்றுகிறவன். மறைக்கிறபோதுதான் குற்றத்தின் நிழல் விழுகிறது. நடைமுறையில் உங்கள் ஊர்க்காரரை எட்டு நாள் அலைய விட்டது சட்டம் சொன்ன வழி இல்லை.

தனியாகப் போகாதீர்கள். நாட்டுப்படகுச் சங்கத்தின் பெயரில் எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அந்த மனுவை எழுதித்தர நான் தயார். மதுரையில் இருந்து நேரில் வருகிறேன்.

---

மண்டபத்து மாணவன்

வத்தைக்காரன் அண்ணே, வலையில் செத்தது போல் கிடக்கும் ஆமை எல்லாம் செத்தது இல்லை. தண்ணீரில் மூச்சடைத்து மயங்கிக் கிடக்கும். கண்ணைத் தொட்டால்கூட அசையாது. உடனே கடலில் போட்டால் மூழ்கிச் செத்துவிடும். குப்புறப் படுக்கவைத்து, பின்பக்கத்தை ஒரு சாண் உயரத்துக்குத் தூக்கி வையுங்கள். ஒரு கட்டையோ சுருட்டிய கயிறோ போதும். நுரையீரலில் இருக்கிற தண்ணீர் இறங்கும். நிழல் வேண்டும், ஈரச்சாக்கு போர்த்துங்கள், மூக்கை மூடாதீர்கள். மல்லாக்கப் போடவே கூடாது. நாலு மணி நேரத்திலும் எழும், ஒரு நாள் கழித்தும் எழும். நன்றாகத் தலை தூக்கி நகர ஆரம்பித்த பிறகு, என்ஜினை நிறுத்திவிட்டு மெதுவாக இறக்குங்கள்.

ஆவுளியாவுக்கு இந்த வழி இல்லை. சில நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு விட்டே ஆக வேண்டும். விடியும்வரை வலையில் கிடந்தால் உயிரோடு பார்க்க முடியாது. அதற்கு ஒரே வழி புல்லுக்கு மேலே வலை விடாமல் இருப்பது. வலையை அறுத்து ஆவுளியாவை விட்ட மீனவர்களுக்கு வனத்துறை பணமும் பாராட்டும் கொடுத்திருக்கிறது, அது நல்ல காரியம். ஆனால் புல்லை விட்டு ஒதுங்கி வலை விடுகிறவனுக்குக் குறைகிற மீனை யார் கொடுப்பது? என் வழிகாட்டியிடம் இதைக் கேட்டேன், அவரிடமும் விடை இல்லை.

உங்களுக்குப் புல் எங்கே இருக்கிறது என்று எங்களை விட நன்றாகத் தெரியும். சொன்னால் நாங்கள் வரைபடத்தில் குறிக்கிறோம். உங்கள் பெயர் வராது.

---

பாசிக்காரி மகள்

அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "அந்த மதுரைத் தம்பி வந்தா வீட்டுக்குக் கூட்டிட்டு வா" என்றார். மண்டபத்து மாணவனுக்கும் ஒரு சேதி. பாருக்கும் புல்லுக்கும் நடுவில் எங்கே ஆமை தூங்கும் என்று அம்மாவுக்குத் தெரியும். படகில் கூட்டிப் போனால் கை காட்டுவார். ஆனால் அன்றைக்குக் கூலியைக் கொடுத்துவிட வேண்டும்.

---

வாடைக்காற்று

அப்பாவிடம் இந்த இழை முழுவதையும் வாசித்துக் காட்டினேன். மகளும் பக்கத்தில் இருந்தாள். செவிலி அக்கா எழுதிய அழுங்காமைப் பகுதி வந்ததும் அப்பா குறுக்கிட்டார். அவருடைய தங்கை ஒன்று சின்ன வயதிலேயே போய்விட்டது, காய்ச்சல் என்றுதான் வீட்டில் எப்போதும் சொல்வார்கள். அன்று ஊரில் நாலு வீடு படுத்தது, ஒரே ஆமை என்றார். எனக்கே இதுவரை தெரியாது. அதற்கு அப்புறமும் ஏன் தின்றீர்கள் தாத்தா என்று மகள் கேட்டாள். "பேராமைக்கு ஒண்ணும் செய்யாதுன்னு நெனச்சோம் தாயி. அப்புறம், வேற என்ன இருந்துச்சு" என்றார். இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவள், ஆமையைச் செத்தது மாதிரி கிடந்தால் எப்படிப் படுக்கவைக்க வேண்டும் என்று மாணவன் எழுதியதைத் திரும்ப வாசிக்கச் சொன்னாள். அப்பா தலையணையை வைத்துச் செய்து காட்டினார், பின்பக்கம் இன்னும் கொஞ்சம் தூக்கணும் என்று.

---

வத்தைக்காரன்

உயிர்நேயன் அண்ணே, வருகிற வெள்ளிக்கிழமை தொழில் இல்லை, அன்றைக்கு வாருங்கள். சங்கத்தில் தலைவரிடம் பேசிவிட்டேன், மனுவில் கையெழுத்துப் போடப் பதினேழு பேர் தயார். இரண்டு பேர் பயப்படுகிறார்கள், அவர்களை வற்புறுத்தவில்லை.

மாணவத் தம்பி, புல் இருக்கிற இடத்தைச் சொல்கிறேன். கரையில் இருந்து எட்டு பாகத் தண்ணிக்குள்ளேதான் எல்லாம். நாளைக் கொண்டல் காற்று அடங்கினால் திருக்கை வலை விடுகிறேன், புல்லுக்கு வெளியே தள்ளி. நடுராத்திரி ஒருமுறை போய்த் தூக்கிப் பார்க்கிறேன், டீசல் கூடுதல் ஆகும்தான். ஆமை வந்தால் யாருக்குச் சொல்ல வேண்டும், ராத்திரியில் எடுப்பார்களா?

---

மண்டபத்து மாணவன்

எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்பிவிட்டேன் அண்ணே. அவர்கள் எடுக்காவிட்டால் என்னைக் கூப்பிடுங்கள், நான் விழித்திருப்பேன்.